பரதேசியா, அந்நியனா, புறக்குடியா?
தோராவின் 'கேர்' என்னும் சொல்லும் நம் வேதாகமத் தமிழும்: ஒரு திறனாய்வு

தென்காசிக்கு அண்மையில், மேற்குமலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் பண்பொழி. திருமலைக் குன்றின் நிழலில் குளங்களும் நெல்வயல்களும் சூழ அமைந்த இவ்வூரில் கார், பிசானம் என்னும் இரு பருவங்களாலேயே ஆண்டு அளக்கப்படும். வரப்பு, அரி, கட்டு, களம், பொலி ஆகிய சொற்கள் இங்கு அகராதியில் தேடப்படுவன அல்ல. அன்றாடம் வாயில் புழங்குவன. இத்தகைய ஊரொன்றில் அறுப்பின் பண்டிகை நாளில் லேவியராகமம் 19ஆம் அதிகாரம் வாசிக்கப்படுவதாகக் கொள்வோம். வயலின் ஓரத்தைத் தீர அறுக்கலாகாது, சிந்திய கதிரைப் பொறுக்கலாகாது, எளியவனுக்கும் பரதேசிக்கும் அவை உரியன என்று வாசகர் படிக்கின்றார். கேட்போருள் வயலுடையவரும் உளர். கூலிக்குக் கதிர் அறுப்பவரும் உளர். 'பரதேசி' என்ற சொல் செவியில் விழும்போது இவ்விரு சாராரும் யாரை நினைவிற் கொள்வர்? காவியுடுத்து ஊர்தோறும் இரந்து செல்பவனை நினைப்பர். அல்லது சந்தையிலும் தெருவிலும் வசையாக வழங்கும் அச்சொல்லை நினைத்து முகஞ் சுளிப்பர். மோசேயின் கட்டளை எவனைக் குறித்ததோ அவனை மட்டும் நினைக்கமாட்டார்கள்.

அதே அதிகாரம் மேலும் இருபத்துமூன்று வசனங்கள் கடந்தபின், உங்களோடு தங்கும் 'அந்நியனை' ஒடுக்கலாகாது, அவனைச் 'சுதேசி' போல எண்ணி உன்னைப்போல் நேசிக்கவேண்டும் என்கிறது. கேட்பவர் இவனை வேறொருவன் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் எபிரெய மூலத்தில் 10ஆம் வசனத்துப் பரதேசியும் 33, 34ஆம் வசனங்களின் அந்நியனும் ஒருவனே. இரண்டிடத்தும் நிற்கும் சொல் 'கேர்'. ஒரே அதிகாரத்தில் ஒரே மனிதனுக்கு இரண்டு பெயர்கள் இடப்பட்டுள்ளன. இது சிறு பிழைதானே என்று விட்டுவிடலாகுமா? ஆகாது என்பதும், இச்சொல்லை எவ்வாறு விளங்கிக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே தோராவின் சமூக நீதியை நம் சபைகள் கேட்பதும் கேளாததும் அமைகின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. சொற்கள் இடம்பெயர்கின்றன

மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறுமுன் ஓர் உண்மையை ஒத்துக்கொள்வது நேர்மையாகும். சொற்கள் நிலைத்து நில்லா. 'கற்பனை' என்ற சொல்லே இதற்குத் தக்க சான்று. பழைய மொழிபெயர்ப்பில் 'மிட்ஸ்வா' என்ற எபிரெயச் சொல்லுக்குக் 'கற்பனை' என்று வழங்கினர். கற்பிக்கப்பட்டது, விதிக்கப்பட்டது என்ற பொருளில் அன்று அது பொருத்தமான சொல்லே. இன்று பள்ளிச் சிறுவனுக்குக் கற்பனை என்பது மனத்தால் புனைவது. 'பத்துக் கற்பனைகள்' என்று அவனிடம் சொன்னால் அவன் பத்துக் கதைகளை எதிர்பார்ப்பான். இது மொழிபெயர்ப்பாளரின் குற்றமன்று, காலத்தின் செயல்.

'தோரா' என்ற சொல்லின் நிலையோ வேறு. இச்சொல் 'யாரா' என்னும் வேரிலிருந்து பிறந்தது என்பர். சுட்டிக் காட்டுதல், வழி காட்டுதல், போதித்தல் என்பன அதன் பொருள்கள். தாய் தன் மகனுக்குச் சொல்லும் அறிவுரையையும் நீதிமொழிகள் நூல் தோரா என்றே அழைக்கிறது. கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் அது 'நொமொஸ்' ஆயிற்று. லூத்தரின் ஜெர்மன் மொழியில் சட்டத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று. தமிழில் இடத்திற்கேற்ப 'வேதம்', 'பிரமாணம்', 'நியாயப்பிரமாணம்' என மூன்று ஆடைகளை உடுத்தது. முதல் சங்கீதத்தில் பக்தன் இரவும் பகலும் தியானிப்பது வேதம். பவுலின் நிருபங்களில் மனிதனைக் குற்றவாளியாக்குவது நியாயப்பிரமாணம். இரண்டும் ஒன்றே என்பதை இறையியல் மாணவன் அறிவான், சபையார் அறியார். ஆகவே வேதத்தை நேசிக்கவும் நியாயப்பிரமாணத்தை அஞ்சவும் நம் மக்கள் பழகிக்கொண்டனர். கட்டளைகளின் உள்ளே ஏழைக்கும் வந்தவனுக்கும் இறைவன் காட்டிய வழி இருக்கிறது என்ற உணர்வு இதனால் மங்கிற்று. 'கேர்' என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் இதையொத்ததே.

2. கேர் என்பவன் யார்?

'கேர்' என்ற பெயர்ச்சொல் பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ 90 இடங்களில் வருகின்றது. இதன் வினைவடிவம் 'கூர்'. தன் சொந்த ஊரையும் உறவையும் விட்டு வந்து, பிறர் நடுவில், அவர்கள் ஆதரவில் குடியிருத்தல் என்பது இதன் பொருள். அரபு மொழியில் இதனோடு உறவுடைய 'ஜார்' என்ற சொல் அயலானையும், அடைக்கலம் பெற்றவனையும் குறிக்கும். எனவே கேர் வழிப்போக்கன் அல்லன். அலைந்து திரிபவனும் அல்லன். அவன் வந்தவன், ஆனால் தங்கிவிட்டவன். ஊரில் அவனுக்கு வீடு இருக்கலாம், வேலை இருக்கலாம். பரம்பரை நிலம் இல்லை. நிலம் இல்லாததால் வாசலில் கூடும் மூப்பர் அவையில் அவனுக்காகப் பேசும் சுற்றத்தாரும் இல்லை. அவன் வாழ்வு நிலமுடையவனின் நல்லெண்ணத்தைச் சார்ந்து நிற்கிறது.

ஆபிரகாமின் வரலாறு இதற்குச் சிறந்த விளக்கம். ஆதியாகமம் 23ஆம் அதிகாரத்தில் அவன் ஏத்தின் புத்திரர் முன் நின்று, தான் 'கேர்', 'தோஷாப்' என்று அறிமுகம் செய்துகொள்கிறான். மந்தைகளும் வெள்ளியும் உடையவன் அவன். ஆயினும் மனைவியை அடக்கம்பண்ண ஒரு குழி நிலத்துக்காகக் குனிந்து வணங்கவேண்டியிருந்தது. செல்வமின்மை அன்று, நில உரிமையின்மையே கேரின் இலக்கணம் என்பதை இக்காட்சி தெளிவாக்குகிறது.

கேரோடு சேர்த்து அறியவேண்டிய சொற்கள் வேறு சிலவும் உள. 'தோஷாப்' என்பது உட்காருதல், குடியிருத்தல் என்னும் பொருளுடைய வேரினின்று வந்தது. பிறர் இல்லத்தையோ நிலத்தையோ ஒட்டி வாழ்பவனைக் குறிக்கும். 'நொக்ரி' என்பவன் வேற்று நாட்டான். வணிகத்துக்கோ வேறு காரியத்துக்கோ வந்து தன் நாட்டோடு தொடர்பு நீங்காதவன். 'ஸார்' என்பது புறம்பானவன் என்ற பொதுப்பொருளுடையது. ஆசாரியக் குடும்பத்தைச் சேராதவனையும் அச்சொல் குறிக்கும். 'எஸ்ராஹ்' என்பவன் மண்ணில் வேரூன்றியவன், அவ்வூரான்.

நொக்ரிக்கும் கேருக்கும் உள்ள வேறுபாட்டைத் தோராவே வரையறுக்கிறது. உபாகமம் 14:21இல் தானாய் இறந்த பிராணியைப் பற்றிய விதியில், கேருக்கு அதைக் கொடுக்கலாம், நொக்ரிக்கு விற்கலாம் என்று இருவரும் பிரித்துச் சொல்லப்படுகின்றனர். ஒருவன் உதவி பெறவேண்டியவன். மற்றவன் விலை கொடுக்கக்கூடியவன்.

3. கட்டளையின் வரலாற்றுப் பின்னணி

தோராவின் சட்டப் பகுதிகள் ஒரே காலத்தில் எழுந்தவை அல்ல என்பது அறிஞர் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. யாத்திராகமம் 20:22 முதல் 23 வரையுள்ள உடன்படிக்கைச் சட்டம், உபாகமம் 12 முதல் 26 வரையுள்ள சட்டம், லேவியராகமம் 17 முதல் 26 வரையுள்ள பரிசுத்தச் சட்டம் ஆகிய மூன்றிலும் கேர் இடம்பெறுகிறான்; எனினும் அவன் நிலை ஒன்றுபோல் இல்லை.

உடன்படிக்கைச் சட்டம் தடையாகப் பேசுகிறது: அவனைச் சிறுமைப்படுத்தாதே, ஒடுக்காதே. காரணமும் சொல்கிறது: நீங்களும் எகிப்தில் கேர்களாய் இருந்தீர்கள். உபாகமம் ஒருபடி முன்செல்கிறது. கேர், திக்கற்ற பிள்ளை, விதவை என்னும் மூவரை ஒரு தொடராகக் கட்டி, அறுப்பின் எச்சத்திலும் மூன்றாம் ஆண்டுத் தசமபாகத்திலும் பண்டிகைப் பந்தியிலும் அவர்களுக்கு இடம் அளிக்கிறது. ஓய்வுநாள் ஓய்வும் அவனுக்கு உண்டு. பரிசுத்தச் சட்டமோ கேரையும் எஸ்ராகையும் ஒரே நிறையில் வைத்து, அவனைத் தன்னைப்போல் நேசிக்கக் கட்டளையிடுகிறது.

இவ்வளர்ச்சிக்கு வரலாற்றுக் காரணமும் காட்டுவர். கி.மு. 722இல் சமாரியா அசீரியர் கையில் வீழ்ந்தபின் வடநாட்டார் பலர் யூதாவுக்குள் அடைக்கலம் புகுந்தனர் என்றும், எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேம் நகரம் பன்மடங்கு விரிந்ததாக அகழாய்வு காட்டுவது இதனாலேயே என்றும் ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். உபாகமத்துக் கேர் முதன்மையாக இவ்வகதிகளையே குறிப்பான் என்பது அவர்கள் துணிபு. எல்லாரும் இதனை ஏற்பதில்லை. ஆயினும் கேரைப் பற்றிய கட்டளை வெறும் பண்புரையாக எழுந்ததன்று, வாசலில் வந்து நின்ற மக்களைக் கண்டு எழுந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

பண்டைக் கீழைநாட்டுச் சட்டங்களோடு ஒப்பிட்டால் இதன் தனிச்சிறப்பு விளங்கும். பாபிலோனிய மன்னன் ஹமுராபியின் சட்டத் தொகுப்பு, திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் நீதி வழங்குவதை முடிவுரையில் பெருமையாகக் கூறுகிறது. வந்து குடியேறியவனை இவ்விருவரோடும் சேர்த்துக் காக்கும் கட்டளை அதில் இல்லை. விதவைக்கு இரங்குவது மன்னரின் மரபு. கேருக்கு இரங்குவது எகிப்திலிருந்து மீட்கப்பட்டோரின் நினைவு.

4. நம் மொழிபெயர்ப்புகள்

தமிழில் ஐந்தாகமங்களை மொழிபெயர்க்கும் பணி சீகன்பால்குவிடம் தொடங்கிற்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய அவர் 1719இல் மறையும்போது ரூத்தின் புத்தகம் வரை முடித்திருந்தார். எஞ்சியதைச் சூல்ட்சே 1728இல் நிறைவு செய்தார். பின்னர் பப்ரிசியுஸ் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு ஆக்கிய மொழிபெயர்ப்பு 1796இல் முழுமையாக அச்சேறியது. திருநெல்வேலியில் உழைத்த இரேனியுஸ், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பணிசெய்த பெர்சிவல் ஆகியோரின் முயற்சிகளைத் தொடர்ந்து, ஹென்றி பவர் தலைமையில் 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பே இன்றும் நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய திருப்புதலுக்கு அடிப்படை. இம்முன்னோரின் உழைப்பை மதிப்பவர் எவரும் அவர்களை எளிதாகக் குறைகூறார். குறையுள்ள இடத்தை மறைப்பதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

முதலில் நிறைகளைக் காண்போம். மோசே தன் மகனுக்குக் கெர்சோம் என்று பெயரிடும் இடத்தில் (யாத். 2:22) கேருக்குப் பரதேசி என்றும், நாட்டைக் குறிக்கும் நொக்ரிக்கு அந்நியம் என்றும் இரு சொற்களைத் தெளிவாகப் பிரித்துள்ளனர். உபாகமம் 14:21இலும் அவ்வாறே. லேவியராகமம் 25:23இல் கேரையும் தோஷாபையும் 'பரதேசிகள்', 'புறக்குடிகள்' என்றனர். அவ்வசனத்திலேயே நிலத்தை 'அறுதியாய்' விற்கலாகாது என்று மொழிபெயர்த்தது பாராட்டத்தக்கது. அறுதிக் கிரயம் என்பது இன்றும் பத்திரப் பதிவில் வழங்கும் சொல். எபிரெய மூலச் சொல்லும் மீட்புரிமை இல்லாத முடிந்த விற்பனையையே குறிக்கிறது. நிலத்தின் மொழியை அறிந்தவர் கை இவ்வரியில் தெரிகிறது. ரூத்தின் வரலாற்றில் 'அரிக்கட்டு' என்ற வயற்சொல் வந்திருப்பதும் அத்தகையதே.

இனிக் குறைகள். ஆதியாகமம் 23:4இல் கேர் அந்நியன் ஆகிறான், தோஷாப் பரதேசி ஆகிறான். லேவியராகமம் 25:23இலோ கேர் பரதேசி, தோஷாப் புறக்குடி. ஆக, பரதேசி என்ற ஒரே தமிழ்ச்சொல் ஓரிடத்தில் கேரையும் மற்றோரிடத்தில் தோஷாபையும் சுட்டுகிறது. எகிப்தில் நீங்கள் அந்நியராய் இருந்தீர்கள் என்னும் இடங்களிலும், பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் விதியிலும் கேர் அந்நியனே.

இதன் மிகப்பெரும் விளைவு உபாகமத்திலேயே வெளிப்படுகிறது. 10:19இல் அந்நியரை நேசிக்கவேண்டும் என்று கட்டளை. 23:20இல் அந்நியனிடம் வட்டி வாங்கலாம் என்று அனுமதி. தமிழ் வாசகன் திகைக்கிறான்: நேசிக்கவேண்டியவனிடமே வட்டி வாங்குவதா? கடவுளின் அன்பு இவ்வளவுதானா? எபிரெயத்தில் இத்திகைப்புக்கு இடமே இல்லை. நேசிக்கப்படவேண்டியவன் கேர், வட்டிக்குக் கடன் பெறுபவன் நொக்ரி, அதாவது வெளிநாட்டு வணிகன். இரு வேறு மனிதருக்கு ஒரே பெயரிட்டதால் தோராவே தனக்குத்தான் முரண்படுவதாகத் தோன்றுகிறது. ஜேம்ஸ் மன்னர் ஆங்கில மொழிபெயர்ப்பும் இவ்விரண்டிடத்தும் ஒரே சொல்லையே ஆள்கிறது என்பது நினைக்கத்தக்கது. நம்மவர் மட்டும் இடறவில்லை. ஆயினும் முன்சென்றவர் இடறிய கல்லைப் பின்வருபவர் அகற்றவேண்டும்.

வினைச்சொல்லிலும் இவ்விழப்பு உண்டு. ரூத் 1:1இல் எலிமெலேக்கு மோவாபுக்குப் போய்ச் 'சஞ்சரித்தான்' என்று வாசிக்கிறோம். மூலத்தில் இருப்பது 'கூர்'. சஞ்சாரம் என்பது துறவிக்கும் பயணிக்கும் உரியது. பஞ்சத்தில் பிழைக்கவந்து, பத்தாண்டுகள் தங்கி, பிள்ளைகளுக்கு மணம் முடித்து, அம்மண்ணிலேயே புதைக்கப்பட்ட குடும்பம் சஞ்சரிக்கவில்லை, கேராய்க் குடியிருந்தது. முதல் வசனத்தில் பெத்லெகேமியர் மோவாபில் கேர் ஆனதை உணர்பவனுக்கே, இரண்டாம் அதிகாரத்தில் ஒரு மோவாபியப் பெண் பெத்லெகேமின் வயலில் கதிர் பொறுக்குவதன் ஆழம் விளங்கும். அவளோ தன்னை நொக்ரியா என்றே தாழ்த்திக்கொள்கிறாள். கேருக்குரிய உரிமையைக்கூடக் கோரத் துணியவில்லை.

1995இல் வெளியான திருவிவிலியம் தமிழ்நடையில் பெரும் முன்னேற்றம். ஆயினும் யாத்திராகமம் 22:21இல் அதுவும் அன்னியன் என்றே கூறுகிறது. வசைப்பொருள் ஏறிய சொல் நீங்கியது நன்றே; ஆனால் வேறுபாடு மீளவில்லை.

5. விட்டுவிடுதலும் கொடுத்தலும்

வயலைப் பற்றிய கட்டளைக்கு மீண்டும் வருவோம். 'பேஆ' என்பது வயலின் ஓரம் அல்லது மூலை. 'லெகெத்' என்பது அறுக்கும் கையிலிருந்து சிந்தியது. உபாகமம் 24:19 மறந்துபோன கட்டையும் சேர்க்கிறது. லேவியராகமம் 19:10இன் வினைச்சொல் ஊன்றி நோக்கத்தக்கது. 'கொடு' என்று அங்கே இல்லை. 'விட்டுவிடு' என்று இருக்கிறது. பழைய திருப்புதலும் இதைச் சரியாகவே மொழிபெயர்த்துள்ளது. கொடுப்பவன் கை மேலே இருக்கும். பெறுபவன் கை கீழே இருக்கும். விட்டுவிடுபவனோ அங்கிருந்து நகர்ந்துவிடுகிறான். எளியவனும் கேரும் உழைத்துப் பொறுக்கிக்கொள்கின்றனர். யாருக்கும் கும்பிடு போடவில்லை.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னாவில் பேஆ என்னும் பகுதி இதனை விரிவாக ஆராய்கிறது. ஓரத்துக்குத் தோரா அளவு விதிக்கவில்லை. ஆயினும் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைதல் ஆகாது என்று ரபீக்கள் முறைப்படுத்தினர். ஏழையைப் பொறுக்கவிடாத நிலக்காரனும், ஒருவனை அனுமதித்து மற்றவனைத் தடுப்பவனும், ஒருவனுக்கு மட்டும் உதவுபவனும் ஏழையைக் கொள்ளையிடுகிறான் என்று அவர்கள் தீர்ப்பளித்தனர். கொள்ளை என்ற சொல்லை நோக்குக. தன் பொருளைக் கொடாதவன் கஞ்சன். பிறன் பொருளைத் தடுப்பவனே கொள்ளைக்காரன். ஓரத்துக் கதிர் முதலிலேயே ஏழையின் உடைமை என்பது இதன் உட்கிடை.

ரபீக்களின் காலத்தில் கேர் என்ற சொல் யூத சமயத்தைத் தழுவியவனைக் குறிப்பதாகச் சுருங்கிவிட்டதையும் மறைக்கலாகாது. எழுபதின்மர் ஆண்ட 'புரொசெலுதொஸ்' என்ற சொல்லும் அப்பொருளுக்கே வழிகோலிற்று. ஆயினும் சமாதானத்தின் பொருட்டுப் பிற இனத்து ஏழைகளையும் இவ்வெச்சங்களைப் பொறுக்கத் தடுக்கலாகாது என்று மிஷ்னாவே வேறோரிடத்தில் கூறுகிறது. சொல் சுருங்கியபோதும் கட்டளையின் உயிர் வேறு வாயிலைத் தேடிக்கொண்டது.

தமிழ் வேளாண் மரபிலும் இதற்கு இணையான கருத்து இருந்தது. களத்தில் பொலி அளக்குமுன் ஊர்ப் பணியாளருக்கு ஒதுக்கப்படும் நெற்பங்கைச் 'சுதந்திரம்' என்று பழைய நிலவரி ஆவணங்கள் குறிக்கின்றன. அது பிச்சையன்று, உரிமை. ஆனால் அது ஊரமைப்பில் இடம்பெற்றோரின் உரிமை. சாதித் தொழிலோடு பிணைந்தது. தோராவோ எந்தப் பணியும் செய்யாத, எந்த உறவும் இல்லாத, நேற்று வந்தவனுக்கும் வயலில் சுதந்திரம் உண்டு என்கிறது. ஒப்புமையைப்போலவே இவ்வேறுபாட்டையும் போதகர் எடுத்துக்காட்டவேண்டும்.

6. சொல் மாறியதால் நேர்ந்தது

'அந்நியரும் பரதேசிகளும்' என்ற இணைச்சொற்கள் புதிய ஏற்பாட்டில் எபேசியர் 2:19இலும் 1 பேதுரு 2:11இலும் வருகின்றன. அங்கிருந்து அவை நம் ஞானப்பாட்டுகளிலும் செபங்களிலும் அடக்க ஆராதனைகளிலும் புகுந்தன. மண்ணுலகில் நான் பரதேசி, விண்ணுலகே என் வீடு என்ற பக்தி நம் சபைகளில் ஆழ வேரூன்றியுள்ளது. அதனை நான் இகழவில்லை. துயருற்ற பல தலைமுறைகளை அது தாங்கிற்று. ஆயினும் பரதேசி என்ற சொல் முற்றிலும் ஆன்மாவின் நிலையைக் குறிப்பதாகிவிட்டபின், வயலோரத்தில் நிற்கும் பரதேசி கண்ணுக்குத் தெரியாமற் போனான். எல்லாரும் பரதேசிகளே என்றான பின், உண்மையான பரதேசிக்கென்று எவரும் இல்லை.

திருநெல்வேலித் திருச்சபை இதனை மறப்பது வியப்புக்குரியது. ஏனெனில் அது கேர்களால் கட்டப்பட்ட சபை. நிலமுடையோரை அண்டி வாழ்ந்த மக்கள் கிறிஸ்துவை ஏற்றபோது குடியிருப்பை இழந்தனர். அவர்கள் ஒதுங்குவதற்கென நிலம் வாங்கி 1799இல் முதலூர் அமைந்தது. 1830இல் இரேனியுஸ் தர்ம சங்கத்தைத் தொடங்கியதும் இத்தகையோர் குடியிருக்க மனையும் நிலமும் தேடிக்கொடுப்பதற்கே. நம் பாட்டன்மார் எகிப்தில் இருந்ததில்லை. ஆனால் பிறர் மண்ணில் கேராய் இருந்தது என்னவென்று அவர்கள் அறிவர்.

பண்பொழியைச் சூழ்ந்த நிலப்பகுதிக்கும் தனி அனுபவம் உண்டு. செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்து, 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. வீட்டைவிட்டு ஓரடி நகராமலே மக்கள் ஒரு மாநிலத்தினின்று மற்றொரு மாநிலத்துக்கு மாறினர். எல்லைக்கோடு மனிதர் வரைவது, நிலம் கர்த்தருடையது என்பதை இவ்வட்டாரத்தாருக்கு விளக்குவது எளிது.

இலங்கை மலைநாட்டுக்குத் தோட்டவேலைக்குச் சென்ற தமிழரின் வரலாறு இன்னும் கசப்பானது. தலைமுறைகளாய் அம்மண்ணில் உழைத்தவர்களில் பெரும்பான்மையோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோர் ஆயினர். 1964இல் செய்துகொள்ளப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்படுவர். கேரைச் சுதேசி போல எண்ணுக என்ற கட்டளையின் எதிர்ப்பக்கம் இதுவே. இவ்வநீதியைக் கண்டு நாம் நெஞ்சம் பதைக்கிறோம். பதைப்பது சரியே. ஆனால் இன்று தமிழகத்து நெல்வயல்களில் நாற்று நடவும், கட்டுமானத் தளங்களில் கல் சுமக்கவும் வடமாநிலங்களிலிருந்து வந்திருப்போரை நம்முடைய சபையார் எப்பெயரிட்டு அழைக்கின்றனர்? 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்ச்செய்தி பரவியபோது அவர்களில் பலர் அஞ்சி ஊர் திரும்பினர். செய்தி பொய், அச்சம் மெய். மூப்பர் அவையில் தனக்காகப் பேச ஆளில்லாதவனின் அச்சம் அது.

7. ஒரு பரிந்துரை

குறைகாண்பதோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. கேருக்கு என்ன சொல் இடலாம்? 'வந்தேறி' பொருளால் நெருங்கியது. ஆனால் இன்று அரசியல் வசையாயிற்று. 'அகதி' காலத்துக்கேற்றது, ஆனால் எல்லாக் கேரும் அகதி அல்லன். 'குடியேறியவன்' பிழையற்றது, ஆனால் நிலமற்ற நிலையைக் காட்டாது.

முன்னோர் லேவியராகமம் 25:23இல் நமக்கு வைத்துச்சென்ற 'புறக்குடி' என்ற சொல்லையே நான் பரிந்துரைப்பேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு நிலவரி ஆவணங்களில் உள்குடி, புறக்குடி என்ற பாகுபாடு உண்டு. உள்குடி ஊரில் நிலைத்த பயிரிடுவோன், எளிதில் வெளியேற்றப்படாதவன். புறக்குடி வெளியிலிருந்து வந்து, காணியாளரின் விருப்பம் உள்ளவரை பயிரிடுபவன். காணி இல்லை, காப்பு இல்லை, ஆனால் குடி. கேரின் இலக்கணம் அனைத்தும் இதில் அடங்குகிறது. அவ்வாறாயின் தோஷாபுக்கு 'ஒண்டுக்குடி' எனலாம். நொக்ரிக்கு 'அந்நியன்' நிற்கட்டும்.

இதற்கு இரு தடைகள் கூறப்படலாம். ஒன்று, புறக்குடி இன்று வழக்கிழந்த சொல் என்பது. உண்மையே. ஆனால் வசைப்பொருள் ஏறாத பழஞ்சொல்லுக்கு விளக்கம் சொல்வது, வசையாகிப்போன சொல்லைத் தூய்மையாக்குவதைவிட எளிது. மற்றொன்று வலிய தடை. 'புறம்' என்ற அடைமொழி, சேரியை ஊருக்குப் புறம்பே தள்ளிய நம் சாதியமைப்பை நினைவூட்டும். ஒடுக்கப்பட்ட மக்களின் செவியில் அது புண்ணாகப் படலாம். இத்தடையை நான் இலேசாகக் கொள்ளவில்லை. இச்சொல் யாரைக் குறித்து வாசிக்கப்படுகிறது என்பதில்தான் விடை உள்ளது. லேவியராகமம் 25:23 அச்சொல்லை ஏழைக்கு இடவில்லை, காணியாளனுக்கே இடுகிறது. நிலம் என்னுடையது, நீங்கள் எனக்கு முன்பாகப் புறக்குடிகள் என்று இறைவன் கூறுவது பட்டா வைத்திருக்கும் இஸ்ரவேலனிடம். ஊருக்குள் இருப்பவன் எவனும் உள்குடி அல்லன் என்பதே அத்தீர்ப்பு. இவ்வொளியில் வாசித்தால் அச்சொல் ஒடுக்கப்பட்டவனைக் குத்தாது, ஒடுக்குபவனையே குத்தும்.

புதிய மொழிபெயர்ப்பு வரும்வரை ஆயர் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. தோராவின் சட்டப் பகுதிகளில் பரதேசி, அந்நியன் என்று வருமிடங்களை எபிரெயத்தோடு ஒப்பிட்டு, எது கேர், எது நொக்ரி என்று தம் வேதாகமத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். இறையியல் மாணவருக்கு இது ஒரு பருவத்து எபிரெய வகுப்பில் முடியக்கூடிய பணி. குறித்தபின் அறுப்பின் பண்டிகையில் அவ்வோரக் குறிப்பைச் சபையாருக்கு விளக்கி வாசிக்கலாம்.

இன்று நெல்வயல்களில் பெரும்பாலும் இயந்திரமே அறுக்கிறது. அது ஓரம் விடுவதில்லை, சிந்துவதும் குறைவு, கட்டை மறப்பதும் இல்லை. ஆகவே கட்டளை காலாவதியாயிற்று என்று சொல்வோர் சொல்லட்டும். வயலுக்கு மட்டுமா ஓரம் உண்டு? ஊதியத்துக்கு ஓரம் உண்டு. வாடகைக்கு ஓரம் உண்டு. சபையின் இருக்கைகளுக்கும் ஓரம் உண்டு. அவ்வோரத்தைத் தீர அறுக்காமல் விட்டுவிட்டு நகர்ந்து நிற்கிறோமா என்பதே பண்பொழியின் வரப்பில் நின்று தோரா நம்மிடம் கேட்கும் கேள்வி.